பதிவேட்டில் ஒரு வரி

ஒவ்வொரு பங்கு இல்லத்திலும் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். பங்குக்குருவுக்குச் சொந்தமான பொருள் எதுவும் அதனுள் இராது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு ஆகியவையே அங்கு உறைகின்றன. மை மங்கி, ஓரம் அரித்து, தொட்டால் உதிரும் நிலையில் சில. நம் காலத்திலே எழுதப்பட்டவை சில. இவற்றுள் ஞானஸ்நான, திருமண ஏடுகளைப் பேணும் கடமையைப் பங்குக்குருக்கள் மீது 1563ஆம் ஆண்டிலேயே திரெந்துப் பொதுச்சங்கம் சுமத்தியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் தன் 535ஆம் விதியில் அதையே வலியுறுத்துகிறது.

குருமடத்தில் இவ்விதியைப் பயின்ற நாளில், இதனினும் உலர்ந்த பாடம் வேறில்லை என்று நாம் எண்ணியதுண்டு. பாவமன்னிப்பு, நற்கருணை, மறையுரை என்று உயர்ந்த பொருள்கள் பல இருக்க, கணக்கப்பிள்ளையின் வேலையை ஏன் குருவானவர் தலையில் வைத்தார்கள் என்று உடன் பயின்றோரிடம் நகைத்ததும் உண்டு. அந்த நகைப்பு தவறானது என்று நமக்கு உணர்த்தியது, அமெரிக்க நாட்டில் குடியேற விசா கேட்டு விண்ணப்பித்த ஒரு குடும்பம். அவர்கள் இசைவு பெற்றே, பெயரை விடுத்து, அவ்வரலாற்றை இங்கு எழுதுகிறோம்.

*

நாம் பணிபுரிவது தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரப் பங்கு ஒன்றில். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பனிமய மாதா திருவிழா முடிந்த அடுத்த வாரம், வலைக்கடை வைத்திருக்கும் விசுவாசி ஒருவர் மனைவியுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு நெகிழி உறை. அதனுள் அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தின் நகல்.

“சாமி, அக்கா போட்ட மனு இப்பதான் அசையுது” என்றார்.

அவருடைய அக்காள் செவிலியர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்று, அங்கே உழைத்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். குடியுரிமை பெற்றவர் உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அதன்படி 2005ஆம் ஆண்டு நவம்பரில் தம்பிக்காக ஐ-130 என்னும் மனுவை அவர் தாக்கல் செய்தார். அன்று தம்பியின் மூத்த மகளுக்கு ஏழு வயது; இளையவனுக்கு ஐந்து.

மனு 2009ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டதும் விமானம் ஏறிவிடலாம் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மனு ஏற்பு என்பது வரிசையில் நிற்க இடம் கிடைத்தது என்பதற்கே சான்று. உடன்பிறந்தார் வகைக்கு, அவர்தம் மனைவி மக்களையும் சேர்த்து, உலகம் முழுமைக்கும் ஆண்டொன்றுக்கு 65,000 விசாக்களே என்று அந்நாட்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. எந்த ஒரு நாட்டவரும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பெறலாகாது என்பது இன்னொரு வரையறை. எனவே மக்கள் மிகுந்த இந்தியாவுக்கு வரிசை நீளம். ஒவ்வொரு மாதமும் அந்நாட்டு வெளியுறவுத் துறை ஓர் அறிக்கை வெளியிடுகிறது. இன்ன தேதிக்கு முன் மனுச் செய்தவர்களுக்கு இப்போது எண் உண்டு என்று அதில் காணலாம். வலைக்கடைக்காரர் அந்தத் தேதிக்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். ஏழு வயதுச் சிறுமி இருபத்தைந்து வயது ஆசிரியை ஆனாள். ஐந்து வயதுச் சிறுவன் பொறியியல் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான்.

அவர் நம்மிடம் கேட்டது தம் ஞானஸ்நானச் சான்றிதழ். அவர் பிறந்தது 1966இல். பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கு இன்று நாம் அறிந்துள்ள சட்டம் 1969ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் கடலோரக் குடிசையில் பிறந்த பிள்ளையைப் பற்றி அரசாங்க ஏட்டில் யார் எழுதினார்கள்? உள்ளாட்சி அலுவலகத்தில் தேடி, பதிவு இல்லை என்ற சான்றை அவர் பெற்றிருந்தார். அத்தகையோர்க்கு ஞானஸ்நானப் பதிவும் ஒரு மாற்றுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவரும் அக்காளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்ட, உலகத்தில் அவர்களுக்கு இருந்த மிகப் பழைய எழுத்து நம் அலமாரியில்தான் இருந்தது.

தேடினோம். இலத்தீன் மொழியில், சாய்ந்த கையெழுத்தில், அன்றைய பங்குக்குரு எழுதிய வரி கிடைத்தது. அக்காளின் வரியும் கிடைத்தது. ஆனால் தாயின் பெயர் ஓரிடத்தில் சுருக்கமாகவும் மற்றோரிடத்தில் நீண்டும் இருந்தது. “இரண்டையும் ஒரே மாதிரி எழுதிக் கொடுங்களேன், சாமி” என்றார் அவர். உள்ளதை உள்ளபடி எழுதுவதே முறை என்று கூறி, இருந்தவாறே எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தோம். அவர் முகம் சற்று வாடியது. அந்தச் சிறு மறுப்பு, பின்னால் வரவிருந்த பெரிய மறுப்புக்கு முன்னுரை என்பதை அன்று நாம் அறியோம்.

*

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தபோது உடன் ஓர் ஏஜெண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு கைப்பேசி, மரியாதை மிகுந்த பேச்சு. அவர் நேரே செய்திக்கு வந்தார்.

“சாமி, இருபத்தோரு வயசு ஆகிட்டா பிள்ளைங்க பெத்தவங்களோட போக முடியாது. இவங்க ரெண்டு பேருக்குமே தாண்டிருச்சு. ஞானஸ்நானச் சர்டிபிகேட்டுல வருஷத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கொடுத்தா, மத்ததை நாங்க பார்த்துக்கிடுவோம்.”

“பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியை என்ன செய்வீர்?” என்று வினவினோம்.

“அதுக்கும் ஆள் இருக்கு, சாமி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. இது ஒரே ஒரு பொய்தானே?”

நாம் மறுமொழி கூறுமுன் தாயானவர் அழத் தொடங்கினார். “பதினெட்டு வருஷம் சாமி! இதுக்குன்னே மகளுக்கு வந்த மாப்பிள்ளையை எல்லாம் தட்டிக் கழிச்சோம். பிள்ளைகளை விட்டுட்டு நாங்க ரெண்டு கிழடும் அங்கே போய் என்ன செய்ய?”

வாசக அன்பர்களே, பங்குக்குரு கல்லாலானவன் அல்லன். அந்தக் கேள்வி நம்மை உலுக்கியது. குடும்பம் பிரியலாகாது என்று பீடத்தில் நின்று முழங்குவோர் நாமே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டில் குடிபெயர்வோரைக் குறித்து எழுதிய ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே குடிபெயரும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்தினார் என்று குருமடத்தில் பயின்றோரும் நாமே. ஒரு குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்க ஓர் எண்ணை மாற்றினால் என்ன என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எழவில்லை என்று கூறினால், அதுவும் பொய்யே ஆகும்.

அதனினும் மேலாக நம்மைத் தடுமாறச் செய்தது ஒரு பழைய நினைவு. அதை இங்கு மறைக்காமல் எழுதுவதே முறை.

1999ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். வளைகுடா நாட்டு வேலைக்குச் செல்ல விரும்பிய ஏழை இளைஞன் ஒருவன் வந்து நின்றான். வயது இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டுமாம், அவனுக்குப் பத்தொன்பது. தகப்பனார் கடலில் மறைந்தவர். தங்கைகள் இருவர். நாம் பதிவேட்டில் கை வைக்கவில்லை. நகலில் மட்டும் 1980 என்பதை 1978 என்று எழுதிக் கையெழுத்திட்டோம். இரக்கத்தின் செயல் என்றே அன்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அவன் சென்றான், உழைத்தான், தங்கைகளுக்கு மணம் முடித்தான். யாவும் நலமே என்றிருந்தோம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவன் நம்மைத் தேடி வந்தான். கடவுச்சீட்டில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி. அவற்றை ஒன்றாக்க முயன்றபோது, இரண்டில் எது மெய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மெய்யைச் சொன்னால் பொய்யான தாளைக் கொடுத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். பொய்யைச் சொன்னால் இன்னொரு பொய்த்தாள் வேண்டும். ஒவ்வொரு தாளாகப் பின்னோக்கிச் சென்றால், எல்லாம் வந்து நிற்பது நம் கையெழுத்தில். அவன் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “என்ன செய்யலாம், சாமி?” என்று மட்டுமே கேட்டான். நம்மிடம் விடை இல்லை. அந்த மௌனத்தை நாம் இன்றளவும் சுமக்கிறோம்.

ஆகவே ஏஜெண்டை நோக்கி, “எழுதித் தர இயலாது” என்றோம். தாயாரை நோக்கி, “இரண்டு நாள் பொறுத்திருங்கள். அமெரிக்காவில் உங்கள் மதினி யாராவது ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளட்டும், அதன்பின் பேசுவோம்” என்றோம். ஏஜெண்டு சிரித்தார். “வக்கீல் வேற காசு கேப்பான், சாமி. எங்களுக்குத் தெரியாத சட்டமா?” என்று கூறிச் சென்றார். வலைக்கடைக்காரர் அவருக்கு முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அப்பணம் இன்றளவும் திரும்பவில்லை.

*

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டத்தைப் பற்றி அறிவுரை கூற யாரும் கடை திறந்துவிட முடியாது. ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞராக இருக்க வேண்டும். அன்றேல், அந்நாட்டு நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். ஏழைக் குடியேறிகளுக்கு இவ்வுதவி எட்டுவதற்கென்றே அந்நாட்டு ஆயர்கள் 1988ஆம் ஆண்டில் கத்தோலிக்கச் சட்டக் குடியேற்ற வலையமைப்பு ஒன்றை நிறுவினர். பல மறைமாவட்டங்களின் சேவை நிலையங்கள் அதில் இணைந்துள்ளன. அக்காள் தம் பங்கில் விசாரித்து, அத்தகைய நிலையம் ஒன்றில் பணியாற்றும் பெண் வழக்கறிஞரைக் கண்டார். கட்டணம் சிறிதே.

பேசுவதற்கு நாள் குறித்தாயிற்று. நம் நாட்டில் இரவு ஒன்பது மணி. அங்கே காலை நேரம். பங்கு இல்லத்து மேசையைச் சுற்றித் தகப்பனார், தாயார், மகள், மகன் நால்வரும் அமர்ந்தனர். கணினித் திரையில் அக்காளும் வழக்கறிஞரும். மொழிபெயர்ப்பு நம் பொறுப்பு.

வழக்கறிஞர் தொடங்கிய விதமே நமக்கு நம்பிக்கை தந்தது. “உங்களை வரிசையில் ஒரு நாள்கூட முன்னால் நகர்த்த என்னால் முடியாது. அப்படி முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சட்டம் உங்களுக்கு என்ன கொடுத்திருக்கிறது, என்ன கொடுக்கவில்லை என்று மட்டும் நான் சொல்வேன்” என்றார்.

அடுத்து, 2005இல் அக்காள் தாக்கல் செய்த மனுவின் நகலைத் திரையில் காட்டினார். தம்பியின் பெயருக்குக் கீழே மனைவியின் பெயர், இரு பிள்ளைகளின் பெயர்கள், அவரவர் பிறந்த தேதிகள். மனுவின் படிவமே அவற்றைக் கேட்கிறது. அக்காள் அன்றே மெய்யாக எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் 1998 மே. மகன் 2000 ஆகஸ்டு. பதினெட்டு ஆண்டுகளாக அத்தேதிகள் அரசாங்கக் கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தன. இப்போது வேறு தேதியோடு ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ் போயிருந்தால்? பொய்யான தாளைக் கொடுத்து விசா பெற முயல்வோர்க்கு அந்நாடு வாழ்நாள் முழுதும் கதவை அடைத்துவிடலாம். விலக்குப் பெறுவது மிக அரிது. பிள்ளைகள் மட்டுமன்றித் தகப்பனாரும் அதில் சிக்குவார். நாம் இதை மொழிபெயர்த்தபோது வலைக்கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எழுதாத அந்தத் தாளை எண்ணி நம் கையும் நடுங்கியது.

பிறகு வழக்கறிஞர் கூறியதுதான் நம்மில் எவரும் அறியாதது. இருபத்தொரு வயது நிறைந்ததும் பிள்ளையின் உரிமை போய்விடும் என்பது பழைய சட்டம். அரசாங்க அலுவலகத்தின் தாமதத்தால் பிள்ளைகள் உரிமை இழப்பது முறையன்று என்று கண்டு, 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிறார் நிலைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை அந்நாட்டில் இயற்றினார்கள். அதன்படி, விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது எவ்வளவோ, அதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். கழித்து வருவது இருபத்தொன்றுக்குக் குறைவாக இருந்து, மணமாகாமலும் இருந்து, எண் கிடைத்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கவும் செய்தால், சட்டத்தின் கண்ணுக்கு அவன் இன்னும் பிள்ளையே.

மனு கிடந்தது 2005 நவம்பரிலிருந்து 2009 ஜனவரி வரை. மூன்று ஆண்டு இரண்டு மாதம். மகன் 2000 ஆகஸ்டில் பிறந்தவன். 2024 அக்டோபருக்கு முன் எண் வந்துவிட்டால் அவன் தப்பினான்.

நாம் இதை மொழிபெயர்த்து முடிக்குமுன்பே, மேசைமேல் கிடந்த தாளொன்றில் மகள் எதையோ எழுதிக் கழித்துக்கொண்டிருந்தாள். அவள் கணித ஆசிரியை. வழக்கறிஞர் அடுத்த வாக்கியத்தை மெல்லிய குரலில் தொடங்கினார். அதைத் தமிழில் எவ்வாறு கூறுவது என்று நாம் தயங்கினோம். பங்குக்குருவாக எத்தனையோ வீடுகளில் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறோம். எனினும் அன்று நா எழவில்லை.

“நீங்க சொல்ல வேண்டாம், சாமி” என்றாள் அவள். “கணக்கு வந்துட்டு. எனக்குப் போன வருஷம் ஜூலையோட முடிஞ்சு போச்சு.”

மறுவார்த்தை பேசாமல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தகப்பனார் விடவில்லை. மகளுக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கச் சொன்னார். வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். இவ்வாறு வயது கடந்த பிள்ளைகள், பெற்றோரின் பழைய வரிசை இடத்தைத் தமக்கும் தர வேண்டும் என்று வழக்காடியதுண்டு. 2014ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் நால்வர் மாறுபட, அவ்வழக்கை அவர்களுக்கு எதிராகவே தீர்த்தது. எனவே புதிய வரிசைதான். தகப்பனார் சென்று நிரந்தரவாசி ஆனபின், மணமாகாத மகளுக்காகப் புதிதாக மனுச் செய்யலாம். அதற்கும் ஏழெட்டு ஆண்டுகளுக்குக் குறையாது. இடையில் அவள் மணம் செய்துகொண்டால் அம்மனு செல்லாது. தகப்பனார் ஐந்தாண்டு வாழ்ந்து குடியுரிமை பெற்றால் மணமான மகளுக்கும் மனுச் செய்யலாம். அவ்வரிசை அதனினும் நீளம்.

“அந்த ஆபீசு இன்னும் ரெண்டு வருஷம் தூங்கியிருக்கக்கூடாதா!” என்றார் தாயார். மனு ஏற்கப்படுவதற்கு மூன்றாண்டு தாமதமாயிற்று என்று அக்காலத்தில் அலுவலகத்தை வைதவரும் அவரே. அந்தத் தாமதம் மகனைக் காத்தது. மகளைக் காக்கப் போதவில்லை.

இறுதியாக வழக்கறிஞர் ஒரு வழியைக் காட்டினார். மனைவிக்கு வயது வரம்பு இல்லை. கணவரும் மகனும் முதலில் சென்று, மனைவி மகளுடன் இங்கு தங்கி, பின்னர் தொடர்ந்து செல்லவும் சட்டம் இடம் தருகிறது. யார் எப்போது செல்வது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும் என்று கூறி அவர் விடைபெற்றார்.

*

மறுநாள் காலைப் பூசைக்குப் பின் மகள் தனியே வந்தாள்.

“சாமி, அந்த ஏஜெண்டு கேட்டதை நீங்க எழுதிக் கொடுத்திருந்தா நானும் சந்தோசமா வாங்கியிருப்பேன்” என்று தொடங்கினாள். “கோபம் உங்க மேல இல்லன்னு சொன்னா பொய். ராத்திரி முழுக்க இருந்தது.”

நாம் ஒன்றும் கூறவில்லை. வளைகுடாவுக்குச் சென்ற அந்த இளைஞனின் கதையை மட்டும் அவளிடம் கூறினோம். நம் தவறு இன்னதென்று ஒளிக்காமல் கூறினோம். அவள் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “அப்போ எனக்காக இல்ல, அவருக்காகத்தான் மறுத்தீங்க” என்றாள். பிறகு, “பரவாயில்ல சாமி. யாருக்காகவோ” என்று கூறிப் புன்னகைக்க முயன்று எழுந்து சென்றாள்.

ஆன்ம சோதனைக்கு இதனினும் கூரிய கேள்வியை எந்தத் தியானக் குருவும் நம்மிடம் கேட்டதில்லை.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம். மாதந்தோறும் வரும் அறிக்கையை வீட்டார் அனைவரும் நாள்காட்டியைப் போல் பார்த்தனர். 2024ஆம் ஆண்டு மார்ச்சில் மகனுக்கு ஏழு மாதம் மீதமிருக்க எண் வந்தது. டி.எஸ்-260 என்னும் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பினார்கள். அன்றைய கட்டணம் ஆளுக்கு 325 டாலர். ஆதரவுப் பத்திரத்தைச் சரிபார்க்க 120 டாலர். ஆதரவுப் பத்திரம் என்பது, வருவோர் அரசாங்கத்துக்குப் பாரமாகாமல் தாம் தாங்குவதாக அக்காள் கையெழுத்திடும் உறுதி. வறுமைக்கோட்டுக்கு அந்நாடு வகுத்த தொகையில் நூற்றுக்கு 125 பங்கு வருமானமாவது அவருக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு அலுவலகத்திலிருந்து காவல்துறைச் சான்று, குறிக்கப்பட்ட மருத்துவரிடம் சோதனை, தடுப்பூசிகள் என்று ஒவ்வொன்றாக முடிந்தன. பாட்டியின் பெயர் இரு விதமாக இருந்த செய்தியையும் வழக்கறிஞர் மறைக்கவில்லை. மாறாக, பாட்டி தாத்தாவின் திருமணப் பதிவு நகலையும், ஊர்ப் பெரியவர் இருவரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து, இரண்டும் ஒருவரே என்று விளக்கக் கடிதம் எழுதினார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தது கெடுதலாகவில்லை.

2024 இறுதியில் மும்பையில் நேர்காணல். வழக்கறிஞர் உடன் செல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவற்றை முன்னரே தாள்கள் சொல்லிவிட்டன. அதிகாரி மகனின் பிறந்த தேதியைக் கேட்டாராம். பையன் தயக்கமின்றிச் சொன்னானாம். “எனக்குப் பயமே இல்ல, சாமி, உண்மையான தேதிதானே” என்று திரும்பி வந்து நம்மிடம் கூறினான். 2025 ஜனவரியில் தகப்பனாரும் மகனும் புறப்பட்டனர். தாயார் மகளுடன் தங்கினார்.

மகள் என்ன செய்தாள்? ஏழெட்டு ஆண்டு மணமாகாமல் காத்திருக்க அவள் இசையவில்லை. “பதினெட்டு வருஷம் வரிசையில நின்னாச்சு. இனி என் வாழ்க்கையை நான் இங்கேயே நடத்துறேன்” என்று கூறிவிட்டாள். தன்னுடன் பணியாற்றும் ஆசிரியரை, இரு வீட்டார் சம்மதத்துடன், 2025 மே மாதம் நம் கோயிலில் மணந்தாள். தகப்பனார் அதற்கென்றே கடல் கடந்து வந்து, மகளின் கைப்பிடித்துப் பீடம்வரை நடந்தார். தம்பிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை; கைப்பேசித் திரையில் திருப்பலி கண்டான். தாயார் இனித் தம் முறைக்கு விண்ணப்பித்துச் செல்வார். அப்போது அவ்வீட்டில் மகள் ஒருத்தியே இங்கு எஞ்சுவாள். மெய்யைச் சொன்னதற்கு அக்குடும்பம் கொடுத்த விலை அதுவே. அவ்விலை சிறியது என்று எழுத நம் பேனா துணியவில்லை.

*

நம் வாசகர்களில் பலர் வீடுகளில் இத்தகைய கோப்பு ஒன்று இருக்கலாம். அவர்களுக்குச் சில சொற்கள். நாம் கூறிய எண்களும் கட்டணங்களும் இக்குடும்பம் விண்ணப்பித்த காலத்தவை, மாறக்கூடியவை. மாறாதவை இவை: ஏஜெண்டு வேறு, வழக்கறிஞர் வேறு. வழக்கறிஞர் என்று யார் கூறினும் எம்மாநில உரிமம் என்று கேளுங்கள். கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். விசா உறுதி என்று வாக்களிப்பவரை விட்டு விலகுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். மனுவின் நகலை முதல் நாள் தொட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளின் வயதுக் கணக்கை மனுச் செய்த அன்றே கேட்டறிந்து, ஆண்டுதோறும் பாருங்கள். வராத ஒன்றுக்காகப் பெண்பிள்ளைக்கு வரும் வரன்களைத் தள்ளாதீர்கள். அச்சத்தால் பொய்யை நாடுமுன், சட்டத்தில் நமக்கென்று வைக்கப்பட்ட இரக்கம் எதுவும் உண்டா என்று தெரிந்தவரிடம் வினவுங்கள். மகனுக்கு அந்த இரக்கம் 2002ஆம் ஆண்டிலிருந்தே எழுதிக் காத்திருந்தது. அதை அறியாமல், அதையும் கெடுக்கும் பொய்யை வாங்க முன்பணம் கொடுத்தாயிற்று.

உடன் உழைக்கும் குருக்களுக்கும் ஒன்று. அலமாரியில் இருப்பது நம் ஏடு அன்று; மக்களுடையது. பிறப்பை எழுத அரசாங்கம் வராத குடிசைக்கும் அன்று வந்து எழுதியவர் ஒரு பங்குக்குரு. அவர் கையெழுத்தை உலகின் மறுகோடியில் ஓர் அதிகாரி நம்புகிறாரென்றால், இடையில் வந்த குருக்கள் அதில் பொய் கலக்கவில்லை என்ற நம்பிக்கையே காரணம். அந்நம்பிக்கையை 1999இல் ஒருமுறை நாம் செலவழித்தோம். அது நமக்குச் சொந்தமானதன்று.

திருமணத்தன்று மாலை, விருந்தின் ஓசை ஓய்ந்தபின், அலமாரியைத் திறந்தோம். திருமணப் பதிவேட்டில் எழுதி முடித்ததும், 1998ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தோம். மணம் நிகழ்ந்த செய்தியை ஞானஸ்நான வரியின் ஓரத்திலும் குறித்து வைக்க வேண்டும் என்பது அதே 535ஆம் விதி. மாற்றச் சொல்லிக் கேட்கப்பட்ட வரி அங்கே இருந்தது. பிறந்த தேதியின்மேல் ஒரு கீறலும் இல்லை. அதன் ஓரத்தில் மணநாளையும் மணமகன் பெயரையும் எழுதி, மை உலரும்வரை ஏட்டைத் திறந்தே வைத்திருந்தோம்.